சொந்த வீ வட்டுகளுக்குக் காப்புப் பிரதி எடுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிண்டெண்டோ வீ கன்சோலுக்காகப் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த வட்டுகளில் ஒன்று, ஒரு நாள் விளையாட்டின் நடுவே நின்றுபோனது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் வட்டமாக ஓடிய ஒரு கீறல். அந்த வட்டு போனது போனதுதான். மற்றவற்றையாவது கோப்புகளாக மாற்றிப் பத்திரப்படுத்தலாம் என்று தொடங்கினேன். ஒரு மாலையிலும் அதையடுத்த ஒரு விடுமுறை நாளிலும் முடிந்திருக்க வேண்டிய அந்த வேலை எனக்கு மூன்று வாரங்களைத் தின்றது. மென்பொருள்கள் கடினமானவை என்பதால் அல்ல. கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும், முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும் செய்ததால்தான். நீங்கள் அந்த மூன்று வாரங்களை இழக்க வேண்டாம் என்பதற்காக, சரியான வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு: கீழே ‘வட்டு’ என்று வருமிடமெல்லாம் விளையாட்டு வட்டைக் குறிக்கும். கணினியில் இணைக்கும் சேமிப்புக் கருவியை ‘ஹார்ட் டிஸ்க்’ என்றே எழுதியிருக்கிறேன்.

1. உங்களிடம் இருப்பது எந்த வீ என்று பாருங்கள்

கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாதிரி எண் இருக்கும். ஆர்விஎல்-001 என்றிருந்தால், அது நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்கியூபின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மெமரி கார்டுக்கும் துளைகள் கொண்ட பழைய மாதிரி. ஆர்விஎல்-101 என்றிருந்தால், 2011இல் வந்த, அந்தத் துளைகள் நீக்கப்பட்ட மாதிரி. இரண்டுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். ஆர்விஎல்-201 என்றிருந்தால் அது வீ மினி. அதில் எஸ்டி கார்டு துளையே இல்லை என்பதால், எஸ்டி கார்டில் வைக்கும் ஒரு போலிச் செய்தி வழியாகக் கன்சோலைத் திறந்துவிடும், கீழே சொல்லும் லெட்டர்பாம் முறை அதற்கு உதவாது. அதற்கு ப்ளூடூத் வழியாகச் செல்லும் ப்ளூபாம் என்ற தனி முறை உண்டு. வீ யூ கன்சோல் முற்றிலும் வேறு இயந்திரம். இங்குள்ள படிகளில் ஒன்றைக்கூட அதில் செய்து பார்க்காதீர்கள்.

அடுத்து, வீ அமைப்புகளைத் திறந்தால் திரையின் மேல்மூலையில் கணினி மெனுவின் (கன்சோலின் முதன்மைத் திரையை இயக்கும் மென்பொருளின்) பதிப்பு தெரியும். 2010இல் வெளியான 4.3தான் கடைசிப் பதிப்பு. எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்து வட்டாரத்தைக் குறிக்கும்: யூ அமெரிக்கா, ஈ ஐரோப்பா, ஜே ஜப்பான், கே கொரியா. இந்த எழுத்தை மாற்ற முயல்வதுதான் கன்சோலைச் ‘செங்கல்’ ஆக்கும், அதாவது இயங்காத வெறும் பெட்டியாக்கும் தவறுகளில் முதன்மையானது. காப்புப் பிரதி எடுப்பதற்கு வட்டார மாற்றம் எந்த வகையிலும் தேவையில்லை.

கன்சோலைப் பிறரிடமிருந்து வாங்கியிருந்தால், ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்களைத் திறக்க உதவும் ஹோம்ப்ரூ சேனல் முதன்மைத் திரையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முந்தைய உரிமையாளர் எதையெல்லாம் தொட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே கணினி மெனுவைப் புதுப்பிக்காமல் நேரே 6ஆம் படிக்குச் செல்லுங்கள். இல்லாவிட்டால், பதிப்பு 4.3க்குக் கீழே இருக்கும் நிலையில் கன்சோலின் சொந்தப் புதுப்பித்தல் வழியாகவே 4.3க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

2. சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பலர் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சொந்த வட்டைத் தனிப் பயன்பாட்டுக்காகப் பிரதியெடுக்கலாமா என்பது ஒன்று. அந்த வட்டிலோ கருவியிலோ போடப்பட்டிருக்கும் தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டலாமா என்பது மற்றொன்று. முதலாவதை அனுமதிக்கும் நாட்டில்கூட இரண்டாவது தடை செய்யப்பட்டிருக்கலாம். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பூட்டைத் தாண்டுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொடங்கும் முன் பாருங்கள். எடுத்த பிரதியைப் பிறருக்குக் கொடுப்பதும், பிரதியை வைத்துக்கொண்டு வட்டை விற்பதும் காப்புப் பிரதி என்ற சொல்லுக்குள் அடங்குவன அல்ல. இந்தக் கட்டுரை அவற்றுக்கானதும் அல்ல.

3. எதற்குக் காசு, எதற்குக் காசில்லை

காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டே. முதலாவது, 2 முதல் 32 கிகாபைட் வரை கொள்ளளவுள்ள ஒரு எஸ்டி கார்டு. அதற்கு மேற்பட்ட கார்டுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைத்து ஏமாறாதீர்கள். இரண்டாவது, ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க். பென் டிரைவ் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாற்பது நிமிடங்கள் ஓடிய பிரதியெடுப்பு பாதியில் தொங்கி நின்றபோது, வட்டில்தான் குறை என்று நினைத்து வட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நான்காவது முயற்சிக்குப் பிறகுதான் குறை பென் டிரைவில் என்று தெரிந்தது. ஹார்ட் டிஸ்க், முடிந்தால் தனி மின் இணைப்புடன் கூடியதாக இருக்கட்டும். வீயின் யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் எல்லா ஹார்ட் டிஸ்குகளுக்கும் போதுமானதாக இருப்பதில்லை.

கொள்ளளவைக் கணக்கிட ஒரு வழி: அளவு ஒன்றுபோல் இருப்பதால் கணக்கு எளிது. ஓரடுக்கு வீ வட்டு 4.7 கிகாபைட், ஈரடுக்கு வட்டு 8.5 கிகாபைட், கேம்கியூப் வட்டு 1.46 கிகாபைட். முப்பது வட்டுகள் இருந்தால் முழுப் பிரதிகளுக்கு மட்டும் 150 கிகாபைட்டை ஒதுக்குங்கள். விளையாடுவதற்கான சுருக்கப்பட்ட பிரதிகளுக்கு அதில் பாதியளவு கூடுதலாக வைத்துக்கொண்டால் நெருக்கடி வராது.

மென்பொருள் எதற்கும் ஒரு காசும் கொடுக்கத் தேவையில்லை. இங்கே குறிப்பிடும் எல்லாமே ஆர்வலர்கள் இலவசமாக வெளியிட்டவை. நான் இது தெரியாமல், ‘எல்லாம் அடங்கிய தொகுப்பு’ என்று ஒருவர் விற்றதைப் பணம் கொடுத்து வாங்கினேன். 5ஆம் படியில் நீங்கள் பார்க்கப்போகும் ஹேக்மீ இன்ஸ்டாலர் என்ற நிறுவும் மென்பொருளின் முதல் திரையே, ‘இதற்குப் பணம் கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள்’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையைக் காட்டியது. பணம் கொடுத்த மறுநாள் அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

4. தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டிய விவரங்கள்

ஒரு தாளை எடுத்துக் கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள்: மாதிரி எண், வரிசை எண், வட்டார எழுத்துடன் கூடிய மெனு பதிப்பு, கன்சோலின் மேக் முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்). கடைசியில் சொன்ன முகவரி, வீ அமைப்புகளில் இணையம் என்ற பகுதிக்குள் கன்சோல் தகவல் என்ற இடத்தில் இருக்கும். கன்சோல் இதுவரை இணையத்தோடு இணைக்கப்படாவிட்டாலும் அங்கே அது தெரியும். பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த முகவரியில் பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் வருபவை 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் மட்டுமே; எனவே ஓ போலத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான்.

கன்சோலின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் இப்போதே பாருங்கள். நெடுநாள் அணைந்து கிடந்த கன்சோலில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து, தேதி பழைய ஆண்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த படி இந்தத் தேதியை நம்பித்தான் நடக்கிறது.

5. லெட்டர்பாமும் ஹேக்மீ இன்ஸ்டாலரும்

எஸ்டி கார்டை ஃபேட்32 வடிவில் ஃபார்மாட் செய்து, அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டு நெம்புகோல் திறந்த நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். லெட்டர்பாமை உருவாக்கித் தரும் பக்கத்தில் மெனு பதிப்பையும் மேக் முகவரியையும் உள்ளிட்டு, ஹேக்மீ இன்ஸ்டாலரையும் சேர்த்துத் தரும்படி கேட்கும் கட்டத்தைக் குறியிட்டுக்கொள்ளுங்கள். ‘சிவப்புக் கம்பியை வெட்டு’, ‘நீலக் கம்பியை வெட்டு’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். எதை அழுத்துவது என்று நான் அரை மணி நேரம் தேடினேன். இரண்டும் ஒரே கோப்பைத்தான் தரும், அது ஒரு வேடிக்கை.

இறங்கிய ஜிப் கோப்பை விரித்தால் பிரைவேட் என்ற கோப்புறையும் பூட் என்று தொடங்கும் கோப்பும் கிடைக்கும். இரண்டையும் எஸ்டி கார்டின் மேல்மட்டத்தில், வேறு எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல் நகலெடுங்கள். கார்டைக் கன்சோலில் செருகி, முதன்மைத் திரையின் வலது மூலையில் உள்ள உறை வடிவச் செய்திப் பலகையைத் திறந்தால், குண்டுப் படம் போட்ட ஒரு சிவப்பு உறை காத்திருக்கும். அன்றைய தேதியில் இல்லாவிட்டால் முந்தைய நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நகர்த்திப் பாருங்கள். நேர மண்டல வேறுபாட்டால் அப்படித் தள்ளிப்போவது வழக்கமே. மூன்று நாள்களிலும் இல்லையென்றால், மேக் முகவரியிலோ பதிப்பிலோ தவறு இருக்கிறது என்று பொருள். அந்த உறையைத் திறந்ததும் திரை உறைந்து நின்றால் பதற வேண்டாம். மின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

உறை சரியாகத் திறந்தால் ஹேக்மீ இன்ஸ்டாலர் தொடங்கும். எச்சரிக்கைத் திரையில் 1ஐ அழுத்துமாறு அது கேட்கும்வரை காத்திருந்து அழுத்துங்கள். முதலில் ஹோம்ப்ரூ சேனலை நிறுவுங்கள். பிறகு, கன்சோலின் உள்நினைவகத்தைப் பிரதியெடுக்கவும் மீட்கவும் உதவும் பூட்மீ. பழைய கன்சோல்களில் பூட்மீயை பூட்2 என்ற இடத்தில் நிறுவும் தெரிவு கிடைக்கும். கன்சோல் எழும்போதே, மெனுவுக்கும் முன்பாக, அது எழுந்துவிடும் என்பதால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. பிற்காலக் கன்சோல்களில் நிண்டெண்டோ அந்த வழியை அடைத்துவிட்டது. அவற்றில் ஐஓஎஸ் (ஆப்பிளுடையது அல்ல, வீயின் உள் இயக்க மென்பொருள்) வடிவில் மட்டுமே நிறுவ முடியும். எது கிடைக்கிறது என்பதையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுவுதல் நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் படி முழுவதற்கும் எனக்கு, எல்லாம் சரியாக நடந்த முறையில், இருபது நிமிடங்களுக்குள் ஆயிற்று.

6. நாண்ட் காப்புப் பிரதி: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

வீயின் உள்நினைவகம் நாண்ட் எனப்படும் 512 மெகாபைட் சில்லு. கணினி மெனு, அமைப்புகள், சேமித்த ஆட்ட நிலைகள் எல்லாம் அதில்தான். பின்னால் ஏதேனும் தவறாகிக் கன்சோல் எழ மறுத்தால், அதை மீட்கும் ஒரே நம்பகமான வழி இப்போது எடுக்கும் இந்தப் பிரதிதான். நான் இதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். இடையில் ஒருநாள் தவறான கோப்பொன்றை நிறுவிவிட்டுக் கன்சோலை அணைக்கவும் அஞ்சி இரவெல்லாம் அதை ஓடவிட்டேன். அன்று தப்பித்தது என் திறமையால் அல்ல.

ஹோம்ப்ரூ சேனலைத் திறந்து, ரிமோட்டின் ஹோம் பொத்தானை அழுத்தினால் பூட்மீயைத் தொடங்கும் தெரிவு வரும். அங்கேதான் புதியவர்கள் திகைத்து நிற்பார்கள்: பூட்மீயில் வீ ரிமோட் வேலை செய்யாது. கன்சோலின் முன்பக்கத்தில் உள்ள மின் பொத்தான் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும்; ரீசெட் பொத்தான் தேர்ந்தெடுக்கும். கேம்கியூப் கருவி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். பற்சக்கரப் படத்துக்குள் சென்று, சில்லிலிருந்து கார்டுக்கு அம்பு செல்லும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். திசை முக்கியம்: கார்டிலிருந்து சில்லுக்கு அம்பு செல்லும் படம் மீட்டெடுப்பதற்கானது. அதைத் தேவையில்லாமல் தொட்டால், காப்பாற்ற வந்ததைக் கெடுத்த கதையாகிவிடும்.

எழுதி முடிக்கவும் பின் சரிபார்க்கவுமாக எனக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆனது. இடையில் சில கட்டங்கள் கெட்டவை என்று காட்டப்பட்டால் அஞ்ச வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நாண்ட் சில்லுகளில் அப்படிச் சில இருக்கும். முடிந்ததும் கார்டில் இரண்டு கோப்புகள் இருக்கும். நாண்ட் என்ற பெயருடையது சரியாக 553,649,152 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் மீண்டும் எடுங்கள். மற்றொன்று கீஸ் என்ற சிறு கோப்பு. அதில் உங்கள் கன்சோலுக்கே உரிய சாவிகள் உள்ளன. இரண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நகலெடுத்து வையுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் நாண்ட் பிரதி உங்கள் கன்சோலுக்கு மட்டுமே பொருந்தும். உதவுகிறேன் என்று சொல்லி வேறொருவர் தன் பிரதியைத் தந்தால் அதை ஏற்றிவிடாதீர்கள்.

பூட்2 தெரிவு கிடைக்காதவர்கள் கூடுதலாகப் பிரைலோடரையும் நிறுவிக்கொள்வது நல்லது. 7ஆம் படியில் சொல்வதுபோல் ஆப்ஸ் கோப்புறைக்குள் அதை வைத்து, ஹோம்ப்ரூ சேனல் வழியாகத் தொடங்கி + பொத்தானை அழுத்தினால் நிறுவிக்கொள்ளும். பின்னர் ரீசெட்டை அழுத்திக்கொண்டே கன்சோலை இயக்கினால் அதன் மெனு வரும். கணினி மெனு கெட்டாலும் ஹோம்ப்ரூ சேனலுக்குள் நுழைய அது ஒரு பின்கதவு.

7. கிளீன்ரிப் கொண்டு வட்டைப் பிரதியெடுத்தல்

இனி வருவதுதான் நீங்கள் வந்த வேலை. பலரும் அறியாதது ஒன்று: வட்டைக் கோப்பாக மாற்றுவதற்கு இதுவரை செய்தவை போதும். சிஐஓஎஸ், யுஎஸ்பி லோடர் போன்றவை அந்தக் கோப்பைக் கன்சோலில் மீண்டும் விளையாடுவதற்கு மட்டுமே தேவை. வட்டு கெட்டால் கையில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று மட்டும் நினைப்பவர்கள் 8ஆம் படியோடு நின்றுவிடலாம். கன்சோலின் உள்ளே கைவைப்பது அந்த அளவுக்குக் குறையும்.

எஸ்டி கார்டில் ஆப்ஸ் என்ற கோப்புறையை உருவாக்கி, அதற்குள், வட்டைப் படித்துக் கோப்பாக எழுதும் கிளீன்ரிப் மென்பொருளின் கோப்புறையை வையுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கன்சோலின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு யுஎஸ்பி துளைகளில் வெளிவிளிம்புக்கு அருகில் உள்ளதில் செருகுங்கள். மற்றத் துளையை எதிர்பார்க்காத மென்பொருள்கள் பல உண்டு. வட்டை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், துணியில் ஒட்டிய மணல் துகள் தடத்தையொட்டியே கீறும். என் முதல் வட்டு அப்படித்தான் போனது என்று இப்போது நினைக்கிறேன்.

கிளீன்ரிப் கேட்கும் கேள்விகளில் மூன்று முக்கியம்.

சேமிக்கும் இடத்தின் வடிவம் ஃபேட்டா என்டிஎஃப்எஸ்ஸா என்பது முதலாவது. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 கிபிபைட்டை (ஏறத்தாழ 4.29 கிகாபைட்டை) தொட முடியாது என்பதால், வீ வட்டின் பிரதி துண்டுகளாகத்தான் எழுதப்படும். என்டிஎஃப்எஸ் என்றால் ஒரே கோப்பாக எழுதலாம். பிரதியெடுப்பதற்கென்று தனி ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நான் என்டிஎஃப்எஸ்ஸையே பரிந்துரைப்பேன்.

வட்டு ஈரடுக்கா என்பது இரண்டாவது. பெரும்பாலானவை ஓரடுக்கு. ஆனால் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால், மெட்ராய்ட் பிரைம் டிரிலஜி போன்ற சில ஈரடுக்கு. இல்லை என்று சொல்லிவிட்டால் கிளீன்ரிப் முதல் அடுக்கோடு முடித்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் கோப்பு பாதிதான் இருக்கும். ஈரடுக்கு வட்டுகளைப் படிக்க லென்ஸ் சுத்தமாகவும் இருக்க வேண்டும். 2008இல் பிரால் வெளியானபோதே, தூசு படிந்த கன்சோல்கள் அதைப் படிக்கத் திணறின. மற்றவை எல்லாம் ஓடி ஈரடுக்கு மட்டும் தடுமாறினால், வட்டை விட்டுவிட்டு லென்ஸைக் கவனியுங்கள்.

துண்டின் அளவு மூன்றாவது. ஃபேட்32இல் எழுதுவதானால் 3 கிகாபைட் என்று தேர்ந்தெடுங்கள். ஓரடுக்கு வட்டு இரண்டு துண்டுகளாகவும் ஈரடுக்கு மூன்று துண்டுகளாகவும் வரும். 1 கிகாபைட் என்று தேர்ந்தெடுத்து, ஐந்தும் எட்டுமாகச் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

துண்டுகளைக் கணினியில் ஒட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸின் காப்பி கட்டளையைப் பைனரி என்பதைக் குறிக்கும் பி தெரிவு இல்லாமல் பயன்படுத்தினால், அது கோப்புகளை வெறும் எழுத்துக் கோப்புகளாக எண்ணி, முடிவுக் குறி போலத் தோன்றும் முதல் இடத்திலேயே நிறுத்திவிடும். ஒட்டிய கோப்பு சில கிலோபைட் மட்டுமே இருந்தால் காரணம் இதுதான். லினக்ஸிலும் ஆப்பிளின் மேக் கணினியிலும் கேட் கட்டளைக்கு இந்தத் தொல்லை இல்லை. எதில் ஒட்டினாலும் துண்டுகளின் வரிசை 0, 1, 2 என்று மாறாமல் இருக்கட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, என் கன்சோலில் ஓரடுக்கு வட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரையும், ஈரடுக்குக்கு ஏறத்தாழ அதன் இருமடங்கும் பிடித்தது. ஒரு நாளில் ஆறு, ஏழு வட்டுகளுக்கு மேல் போகாதீர்கள். கன்சோல் தொடர்ந்து சூடாக ஓடுவது பழைய லென்ஸுக்கு நல்லதல்ல.

8. பிரதி சரியானதா என்று பார்த்தல்

முதல் சோதனை அளவு. ஓரடுக்கு வீ வட்டின் முழுப் பிரதி 4,699,979,776 பைட். ஈரடுக்கு 8,511,160,320 பைட். கேம்கியூப் 1,459,978,240 பைட். விளையாட்டு எதுவானாலும் இந்த எண்கள் மாறா, ஏனென்றால் வட்டின் காலியிடமும் நிரப்புத் தரவாகப் பிரதியில் வந்துவிடுகிறது.

அளவு பொருந்துவது மட்டும் போதாது. கிளீன்ரிப் ஒவ்வொரு பிரதிக்கும் எம்டி5, எஸ்எச்ஏ-1 போன்ற சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு, தகவல் கோப்பொன்றில் எழுதித் தரும். வட்டுப் பிரதிகளின் சரியான எண்களைத் தொகுத்துவைத்திருக்கும் ரீடம்ப் பட்டியலோடு அவை பொருந்தினால், உங்கள் பிரதி பிழையற்றது. பொருந்தாவிட்டால் உடனே குறை என்று முடிவு கட்டாமல், வட்டைத் துடைத்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால், பட்டியலில் இல்லாத வேறு பதிப்பாக இருக்கலாம். இரண்டு முறையும் வெவ்வேறு எண் வந்தால், வட்டையோ லென்ஸையோ ஹார்ட் டிஸ்கையோ சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொரு வட்டுக்கும் ஆறு எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. பிராலின் அமெரிக்கப் பதிப்பு ஆர்எஸ்பிஈ01. நான்காவது எழுத்து வட்டாரம்: ஈ அமெரிக்கா, பி ஐரோப்பா, ஜே ஜப்பான். கடைசி இரண்டும் வெளியிட்ட நிறுவனம். 01 என்றால் நிண்டெண்டோ. இந்த அடையாளம், சரிபார்ப்பு எண், எடுத்த தேதி மூன்றையும் ஒரு பட்டியலாக வைத்திருங்கள். பிரதிகள் முப்பதைத் தாண்டியதும் அதன் அருமை தெரியும்.

முழுப் பிரதிகள் இடத்தை அடைக்கின்றன என்றால் ஆர்விஇசட் வடிவுக்கு மாற்றலாம். வீ விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் மென்பொருளில் 2020இல் சேர்ந்த இந்த வடிவம், அளவைக் குறைத்தாலும் வேண்டும்போது பைட் மாறாமல் மூலக் கோப்பைத் திருப்பித் தருகிறது. யுஎஸ்பியிலிருந்து விளையாடுவதற்கான டபிள்யூபிஎஃப்எஸ் வடிவம் அப்படியல்ல. அது நிரப்புத் தரவைக் கழித்துவிடும் என்பதால், வீ ஸ்போர்ட்ஸ் போன்ற சிறிய விளையாட்டு சில நூறு மெகாபைட்டுக்கு வந்துவிடும். ஆனால் பழைய சரிபார்ப்பு எண் அதற்குப் பொருந்தாது. காப்பகத்துக்கு ஆர்விஇசட்டோ முழுப் பிரதியோ, விளையாட டபிள்யூபிஎஃப்எஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

9. பிரதியிலிருந்து விளையாட விரும்பினால்

வீயின் ஐஓஎஸ் மென்பொருள் விளையாட்டை வட்டிலிருந்து மட்டுமே படிக்கும். அந்த வாசிப்பை யுஎஸ்பிக்குத் திருப்பிவிடும் மாற்றப்பட்ட நகல்தான் சிஐஓஎஸ். டி2எக்ஸ் நிறுவியைத் தொடங்கி, 249ஆம் இடத்தில் 56ஐ அடிப்படையாகக் கொண்டதையும் 250ஆம் இடத்தில் 57ஐ அடிப்படையாகக் கொண்டதையும் நிறுவுங்கள். இடத்தின் எண்ணை அழுத்தும் முன் இரண்டு முறை படியுங்கள். 4.3 மெனு ஐஓஎஸ்80ஐ நம்பி நிற்கிறது. அதன்மேல் எதையாவது எழுதினால் கன்சோல் எழாது. நிறுவியானது அடிப்படைக் கோப்புகளை இணையத்திலிருந்து எடுக்கும் என்பதால் வைஃபை தேவைப்படும், வீ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும், டபிள்யூபிஏ3 பாதுகாப்பை அறியாது. ரூட்டர் புதியதாக இருந்து இணைப்பு கிடைக்கவில்லை என்றால் அந்த இரண்டையும் பாருங்கள்.

விளையாடுவதற்கான ஹார்ட் டிஸ்க் அல்லது அதன் தனிப் பகுதி ஃபேட்32 வடிவிலும், எம்பிஆர் பிரிப்பு முறையிலும், 32 கிலோபைட் கொத்து அளவிலும் இருக்கட்டும். டபிள்யூபிஎஃப்எஸ் என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கோப்புறை; அதன் பெயரில் தலைப்பும், சதுர அடைப்புக்குறிக்குள் ஆறு எழுத்து அடையாளமும் இருக்க வேண்டும். வீ பேக்கப் மேனேஜர் இந்த மாற்றத்தையும் பெயரிடுதலையும் 4 கிகாபைட் பிரிப்பையும் தானே செய்துவிடும். பின்னர் யுஎஸ்பி லோடர் ஜிஎக்ஸைத் திறந்தால் விளையாட்டுகள் வரிசையாகத் தெரியும். கேம்கியூப் பிரதிகளுக்கு நின்டெண்டண்ட் என்ற தனி மென்பொருள் வேண்டும். அவை டபிள்யூபிஎஃப்எஸ் கோப்புறைக்குள் அல்ல, கேம்ஸ் என்ற கோப்புறைக்குள் இருக்க வேண்டும்.

10. முடித்த பிறகு செய்யக் கூடாதவை

கன்சோலைப் புதுப்பிக்குமாறு சில வட்டுகள் கேட்கும், மறுத்துவிடுங்கள், 4.3க்கு மேல் ஏதுமில்லை. தேவையற்றது என்று நினைத்து ஐஓஎஸ் எதையும் நீக்காதீர்கள். சேனல்களாக நிறுவத் தரும் வாட் கோப்புகளை, எங்கிருந்து வந்தவை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள். எனது தூங்காத இரவுக்குக் காரணம் அப்படியொரு கோப்புதான். கணினி மெனுவின் தோற்றத்தை மாற்றும் தீம்களுக்கும் இதே எச்சரிக்கை.

பூட்மீ கோப்புறை உள்ள எஸ்டி கார்டை கேமராவுக்கோ வேறு கருவிக்கோ எடுத்துக்கொடுத்து அழித்துவிடாதீர்கள். கன்சோல் எழாத நாளில் பூட்மீ அந்தக் கார்டைத்தான் தேடும். நான் அதன்மேல் ‘வீ’ என்று எழுதி ஒட்டி, கன்சோலின் துளையிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.